ஏற்றியவர் எப்படி இறங்குவார்?

"வெலய மட்டும் நீ தமிழ்ல பேசினாப் போதும். வண்டியப் பாக்க இங்க ஆள் உண்டு."

புது டிரெய்லர் வாங்க நாமக்கல்லுக்குப் புறப்பட்ட காலையில், எங்கள் முதலாளி தன் காரின் பின் கதவை எனக்காகத் திறந்துவிட்டபடி மலையாளத்தில் இதைச் சொன்னார். கதவைத் திறந்துவிட்டது மரியாதை. சொன்ன சொல்லில் அது இல்லை. 'ஆள்' என்று அவர் குறிப்பிட்டது தன்னையும், முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த தன் மைத்துனரையும். மைத்துனர் போர்ட் கொச்சியில் தங்கும் விடுதி நடத்துகிறார். கார் ஏற்றும் டிரெய்லரை அவர் அதுவரை பார்த்திருந்தால், சாலையில் முந்திப் போகும்போது பார்த்திருப்பார்.

கோயம்புத்தூர் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் வயது அதிகமில்லை. ஓய்வு பெற்றவர்கள் எழுதவேண்டியதை இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைக்கலாம். ஓய்வு பெறும்வரை காத்திருந்தால் கோபம் ஆறிவிடும். ஆறிய பிறகு எழுதினால் எல்லோரையும் நல்லவர்களாக எழுதிவிடுவேன்.

நான் கொச்சியில் மட்டாஞ்சேரிக்காரி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். வீட்டில் பேசியது தமிழ், படித்தது மலையாளத்தில், தமிழ் எழுதப் பிறகு நானாகக் கற்றுக்கொண்டேன். எழுத்தில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்வேன்.

கொச்சித் துறைமுகத் தீவான ஐலண்டில் இருக்கும் எங்கள் யார்டில் என் வேலை இதுதான்: கார்களை அனுப்ப வருகிறவர்களிடம் முன்பதிவு வாங்குவது, எந்தக் கார் எந்த டிரெய்லரில் போகும், மேல் தட்டிலா கீழ்த் தட்டிலா, எதற்கு முன்னால் எது என்று முடிவு செய்வது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு டிரெய்லர் என்பது ஒரு நீண்ட இரும்புப் பெட்டி. அதற்குள் நடப்பது தினமும் என் கையால் நடக்கிறது. ஆனாலும் நாமக்கல்லுக்கு என்னை அழைத்துப் போனது மொழிபெயர்க்க.

டிரெய்லர் வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை கார் ஏறும் என்பது. அடுத்தது, என்ன விலை. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் உயரம் கேட்பார்கள், சாய்தளம் எவ்வளவு சரிவு என்று கேட்பார்கள், தாழ்வான காரின் அடிப்பகுதி இடிக்குமா என்று குனிந்து பார்ப்பார்கள். எல்லாமே கேட்கவேண்டியவைதான். அவற்றைச் சொல்லித்தர உங்கள் கிளையில் ஆட்கள் இருக்கிறார்கள். யாரும் சொல்லித்தராத ஒரு கேள்வி இருக்கிறது. அது எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்கிறேன்.

எங்களிடம் கார்களை டிரெய்லருக்குள் ஓட்டி ஏற்றுகிறவர் சேவியர் சேட்டன். தோப்பும்படிக்காரர், பருத்த உடம்பு, சர்க்கரை நோய் உண்டு. சாய்தளத்தில் காரை ஏற்றி, மேல் தட்டில் முன்னால் நிற்கும் காருக்குக் கை அகலம் விட்டு நிறுத்துவார். இதுவரை ஒரு காரிலும் அவர் கீறல் விழ விட்டதில்லை. நிறுத்திய பிறகு அவர் வெளியே வருவது கதவு வழியாக அல்ல. டிரெய்லரின் பக்கவாட்டுத் தகடு காரை ஒட்டி நிற்கும்; கதவைத் திறந்தால் உள்ளங்கை நுழையும், உடம்பு நுழையாது. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையையும் தோளையும் வெளியே விட்டு, காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு உடம்பை இழுத்து வெளியேறி, தகட்டோடு தகடாக ஒட்டி நகர்ந்து வரவேண்டும். சின்னக் கார்களின் காலத்தில் இது எப்படியோ நடந்தது. இப்போது எல்லோரும் வாங்குவது பெரிய கார். டிரெய்லரின் அகலம் அதேதான்.

எங்கள் யார்டில் ஒரு பலகை உண்டு. ஏற்றும் தொழிலாளிகள் பெல்ட் போடக் கூடாது, வாட்ச் கட்டக் கூடாது, மோதிரம் கூடாது. ஜன்னல் வழியே நழுவும்போது பெயிண்டில் உரசும் என்பதால். ஆகவே அவர்கள் ஜன்னல் வழியாக வருகிறார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். தெரிந்துதான் பெயிண்டுக்கு விதி எழுதியிருக்கிறார்கள்.

கோடையில் ஒரு நண்பகல். இடமாற்றத்தில் வடக்கே போகும் ஒருவருடைய பெரிய கார், வாங்கி அதிக காலமாகவில்லை. சேவியர் சேட்டன் அதை மேல் தட்டில் நடுவில் நிறுத்தினார். பின்னாலேயே இன்னொருவர் அடுத்த காரை ஏற்றிவிட்டு வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. டிரெய்லருக்குள்ளிருந்து சேவியர் சேட்டன்.

"மோளே, ஞான் குடுங்கிப் போயி," என்றார். மாட்டிக்கொண்டேன் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கார் பல நாள் ஓடாமல் நின்றிருந்தது. இவர் இன்ஜினை அணைத்ததும் பேட்டரி மொத்தமாகப் படுத்துவிட்டது. மறுபடி கிளம்பவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. டிக்கிக் கதவு மேல்நோக்கித் திறப்பது. டிரெய்லரின் கூரை இடித்தது. முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார், இரண்டு பக்கமும் தகடு, மேலே வெயிலில் காய்ந்த கூரை. கதவு இடுக்கு வழியாகக் காற்று வந்தது, ஆனால் அதுவும் அனல் காற்று.

கீழே நின்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள். சேட்டனுக்கு ஏசி போட்டுக் கொடு, சாயா அனுப்பு என்றார்கள். அவரும் உள்ளேயிருந்து பதில் கேலி செய்தார். பிறகு அவருடைய பதில்கள் சுருங்கின. பிறகு, காலையில் எதுவும் சாப்பிடவில்லை, தலை சுற்றுகிறது என்றார். கேலி நின்றது.

நான் முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, யாருடைய கார் என்று.

சொன்னேன். காரின் கண்ணாடியை உடைக்கப் போகிறோம் என்றும் சொன்னேன்.

"கண்ணாடில கை வெக்கண்டா. புது வண்டி. பாட்டிரிக்காரன அனுப்பறேன், அதுவர வெயிட் பண்ணு."

பேட்டரிக்காரர் வந்தாலும் முன் மூடியைத் திறக்க மேலே இடமில்லை. பின்னால் நிற்கும் காரை இறக்கிவிட்டு இதைப் பின்னுக்குத் தள்ளலாம் என்றார் ஒருவர். பேட்டரி இல்லாத காரை, தலை சுற்றுகிற மனிதரை ஸ்டியரிங்கில் வைத்து, சாய்தளத்தில் உருட்டிவிடுவதா? வேண்டாம் என்றேன். டிரெய்லரின் பக்கவாட்டைப் பார்த்தேன். தகடுகள் ரிவெட் அடித்துப் பொருத்தியவை. அவர் உட்கார்ந்திருக்கும் இடம் எதுவென்று உள்ளேயிருந்து தட்டச் சொன்னேன். தட்டினார். நல்ல வேளை, அது தகட்டைத் தாங்கும் இரண்டு தூண்களுக்கு நடுவில் இருந்தது.

முதலாளி இன்னும் லைனில் இருந்தார். "கஸ்டமர் வண்டிய உடைக்கல சார். உங்க வண்டிய உடைக்கிறோம்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஏணி வைத்தோம். ஆட்கள் உளியும் சுத்தியலும் எடுத்து ரிவெட்டுகளைத் தட்டி எறிந்து தகட்டை வெளியே வளைத்தார்கள். கார்க் கதவு அந்த ஓட்டை வழியே முழுதாகத் திறந்தது. சேவியர் சேட்டன் சட்டை முழுக்க நனைந்து, முகம் வெளுத்து, இரண்டு பேர் தோளைப் பிடித்தபடி ஏணியில் இறங்கினார். இறங்கி உட்கார்ந்து சர்க்கரை போட்ட தண்ணீர் குடித்ததும் அவர் சொன்னது: "இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் மனுஷன் மாதிரி கதவு வழியா வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரின் சொந்தக்காரரிடம் நானே போனில் நடந்ததைச் சொன்னேன். ஆளுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். கண்ணாடியை உடைத்திருக்கலாமே, கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்ள மாட்டேனா என்று கோபித்துக்கொண்டார். ஆளுக்கு ஒன்றுமில்லையே என்பது, சேட்டன் யார் என்றே தெரியாத ஒரு மனிதர் கேட்ட கேள்வி. எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. அங்கே நடந்த விசாரணை முழுவதும் தகட்டைப் பற்றி.

அதோடு போகவில்லை. அந்த வாரமே ஓட்டையை மூடினார்கள். அதே இடத்தில், புதுத் தகடு வைத்து, முன்பைவிட நெருக்கமாக ரிவெட் அடித்தார்கள். கதவு திறக்கிற அளவுக்கு ஒரு வழி தானாகக் கிடைத்திருந்தது. அதற்கு ஒரு சட்டமும் கீலும் கொண்டியும் வைத்தால் போதும் என்று போய்ச் சொன்னேன். முதலாளி சொன்னார், வண்டி பார்க்க அசிங்கமாக இருக்கும். சேவியர் சேட்டன் மறுநாளிலிருந்து மறுபடி ஜன்னல் வழியாக வந்தார்.

என் அப்பா ஒப்பந்தக்காரர்களிடம் சாக்கடைக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். வேலைக்குக் கூப்பிட ஆள் வரும்போதெல்லாம் அம்மா வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்பாள்: எறக்கறதுக்கு வந்திருக்கீங்க, ஏத்தறதுக்கு என்ன கொண்டு வந்தீங்க? அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டதற்காக அப்பாவுக்கு வேலை போன நாட்களும் உண்டு. அந்தக் கேள்வியை ஒரு அலுவலகத்தில், நாற்காலியில் உட்கார்ந்து, வேலை போகாமல் கேட்பதற்காகத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி நாமக்கல்.

பட்டறையில் ஒரு டிரெய்லர் கட்டி முடித்துத் தயாராக நின்றது. வேறு யாரோ ஆர்டர் கொடுத்து, வாங்காமல் விட்டது. பளபளவென்று இருந்தது. பாடி கட்டுகிறவர் நல்ல தொழில்காரர் என்பது பற்றவைத்த இடங்களைப் பார்த்தாலே தெரிந்தது. முதலாளியிடமும் மைத்துனரிடமும் எத்தனை கார் ஏறும் என்று விரலை விரித்துக் காட்டினார். நான் தூண்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். டிரைவர் கதவு வரக்கூடிய இடங்களில் பாதியில் தூண் நின்றது. தகட்டில் ஒரு திறப்பும் இல்லை.

"ஏனுங்க, உள்ள காரை நிறுத்தினவரு எப்படி வெளிய வருவாரு?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதெல்லாம் அவிங்க வந்துக்குவாங்க அம்மிணி. பழகினவிங்க. நீங்க எந்த ஊரு, தமிழ் ஒரு மாதிரி பேசறீங்க?"

மட்டாஞ்சேரி என்றேன். ஓகோ என்றார். அதோடு என் கேள்வி முடிந்துவிட்டதாக நினைத்து முதலாளி பக்கம் திரும்பிவிட்டார். கொச்சியில் நான் தமிழ் பேச வந்தவள். நாமக்கல்லில் தமிழ் சரியாகப் பேசாதவள். இரண்டு இடத்திலும் டிரெய்லரைப் பற்றி நான் பேச இடமில்லை.

வாதம் செய்து பயனில்லை என்று அங்கே புரிந்தது. வெற்று டிரெய்லரைப் பார்த்தால் யாருக்கும் அகலமாகத்தான் தெரியும். அதனால் முதலாளியிடம் நேராகச் சொன்னேன்: நம் காரையே ஏற்றிப் பார்ப்போம் சார். காரில்லாமல் டிரெய்லர் பார்ப்பது கால் விடாமல் செருப்பு வாங்குவது மாதிரி.

அவருக்கு அது பிடித்தது. அவருடைய கார் பெரியது, புதியது. அதன் ஸ்டியரிங்கை அவர் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. போட்டோவும் எடுக்கலாம் என்றார் மைத்துனர். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, சாய்தளம் வழியாகக் கீழ்த் தட்டுக்குள் அழகாக ஓட்டிப்போய் நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார்.

"நல்லா நின்னுச்சு சார். எறங்கி வாங்க, வெல பேசலாம்," என்றேன்.

கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. தகட்டில் இடிக்கும் சத்தமும் கேட்டது. மறுபடி மெதுவாகத் திறந்தார். தூணில் முட்டி நின்றது. அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தார். அதுவும் அப்படியே.

"ரிவர்ஸ் எடுத்து வர்றேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பின்னாடி வேற கார் ஏறியாச்சு சார்."

"எங்க ஏறிச்சு? யாரும் ஏறலியே?"

"நம்ம யார்டுல ஏறும் சார். தெனம் ஏறுது. சேவியர் சேட்டன் வர்ற மாதிரி வாங்க."

வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்திருந்தேன். பட்டறை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கண்ணாடியை இறக்கினார். தலை வந்தது. ஒரு தோள் வந்தது. மற்றத் தோள் வரவில்லை. வேட்டி கியரில் மாட்டிக்கொண்டது. முகம் சிவந்து, தகட்டில் கையை ஊன்றி, பாதி உள்ளே பாதி வெளியே நின்றார். மைத்துனர் போட்டோ எடுக்கத் தூக்கிய போனை மெல்லக் கீழே இறக்கினார்.

"பெயிண்ட் பாத்து சார்," என்றேன். "மோதிரம் போட்டிருக்கீங்க."

சிரித்தது பட்டறை ஆட்கள்தான். நான் சிரிக்கவில்லை. வெயிலில் வைத்த பெட்டிக்குள், சாப்பிடாத வயிற்றோடு, கண்ணாடியும் இறங்காமல் கிடந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு இனி விளக்கவேண்டியதில்லை. அவர் மறுபடி உள்ளே சரிந்து, ரிவர்ஸ் எடுத்து வெளியே வந்தார். இறங்கி, என்னைப் பார்க்காமல், பாடி கட்டுகிறவரைப் பார்த்து மலையாளத்தில் சொன்னார்: கதவு வேணும்.

அதை மொழிபெயர்க்கும் வேலை எனக்கு. மகிழ்ச்சியாகச் செய்தேன்.

தகட்டில் திறப்பு வைத்தால் பாடி பலமிழந்துவிடும், மழைத் தண்ணீர் உள்ளே போகும், தூசி போகும் என்றார் பாடி கட்டுகிறவர். "பஸ்ஸுக்கு நீங்க கதவு வெக்கிறதில்லீங்களா? அது ஒடிஞ்சா போகுது?" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு என் கூடவே டிரெய்லரின் நீளத்துக்கும் நடந்தார். பெரிய கார், சின்னக் கார் இரண்டையும் நிறுத்தினால் டிரைவர் கதவு எங்கெங்கே வரும் என்று நான் சொல்ல, மேல் தட்டு, கீழ்த் தட்டு இரண்டிலும் அவர் கோடு போட்டார். எந்தத் தூணை நகர்த்தலாம், எதை நகர்த்தக் கூடாது, திறப்பைச் சுற்றி எப்படிச் சட்டம் கொடுப்பது என்று அவர் சொன்னார். கடைசிவரை என்னை அம்மிணி என்றுதான் கூப்பிட்டார். ஆனால் கேள்வியை என்னிடம் கேட்டார்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். முதலாளி திருந்தினார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். திரும்பும் வழியில் வாளையாறு தாண்டிச் சாயா குடிக்க நிறுத்தியபோது, அவர் பாடி கட்டுகிறவருக்குப் போன் போட்டு, போனை என் கையில் கொடுத்தார்.

"கீழ்த் தட்டுக்கு மட்டும் கதவு போட்டாப் போதும்னு சொல்லு. மேல வேண்டாம். மேல ஏறுறது சின்ன வண்டிதானே."

சேவியர் சேட்டன் மாட்டிக்கொண்டது மேல் தட்டில். ஏறியது பெரிய கார். இரண்டையும் அவருக்கு நினைவுபடுத்தினேன். மேல் தட்டிலும் கதவு வைத்தால் வண்டி ரோட்டில் போகும்போது வெளியிலிருந்து தெரியும், பெயர் எழுதிய இடம் கெட்டுப்போகும் என்றார். முதலாளி மாட்டிக்கொண்டது கீழ்த் தட்டில். அதனால் கீழ்த் தட்டுக்குக் கதவு வந்தது. மேல் தட்டுக்கும் கதவு வரவேண்டுமானால் அவரை மேல் தட்டில் ஏற்றியிருக்கவேண்டும் போல.

போனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். இதை மட்டும் நான் மொழிபெயர்க்க மாட்டேன், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் உடைந்த தமிழில் அவரே சொன்னார். அது பாடி கட்டுகிறவருக்கு நன்றாகவே புரிந்தது. விலை பேசவும் அந்தத் தமிழே போதுமாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

புதியவர்களே, இதிலிருந்து நான் உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். டிரெய்லர் பார்க்கப் போனால், உங்களை எதற்காக அழைத்துப் போயிருந்தாலும், காரை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றியவரை இறங்கி வரச் சொல்லுங்கள். அவர் வந்து சேர்ந்த பிறகு விலை பேசுங்கள். மேல் தட்டு, கீழ்த் தட்டு இரண்டிலும். நான் கீழ்த் தட்டோடு நிறுத்திவிட்டேன், நீங்கள் நிறுத்தாதீர்கள்.

புது டிரெய்லர் வரும் திங்கட்கிழமை ஐலண்டுக்கு வருகிறது. பூமாலை வாங்கச் சொல்லியிருக்கிறார்கள், போட்டோக்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. கீழ்த் தட்டுக்கு எல்லா இடத்துக்கும் கார் பதிவாகியிருக்கிறது. மேல் தட்டுக்குக் கேட்டு வந்தவர்களிடம், அங்கே ஆள் இறங்க வழியில்லை, வழி வைத்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி, முன்பதிவை நேற்று மூடிவிட்டேன். காரணத்தை ஒளிக்காமல் எழுதி முதலாளிக்கும் அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டார் என்று போன் காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை. பாடி கட்டுகிறவருக்குக் காலையில் போன் போட்டேன். மேல் தட்டுக்குக் கோடு போட்டது அழியாமல் இருக்கிறது என்றார்.